பினாங்கு, ஆறாம் நாள்: ஐந்தடிக்குள் ஓர் ஊர்

ஏழு மணிக்கும் இருட்டு. இந்த ஊரில் ஆறு நாளும் ஏமாந்தது இதில்தான். அலாரம் அடித்து எழுந்து ஜன்னலைத் திறந்தால் நடுராத்திரி மாதிரி இருக்கும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, கிழக்கே இருக்கிற சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்துவிட்டது. சூரியனுக்கு மட்டும் அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை.

இன்று கடைசி நாள். ராத்திரி, படகில் அக்கரை போனால் வருகிற பட்டர்வொர்த்தில் கோலாலம்பூர் ரயில், அங்கிருந்து நாளை ஊருக்கு. பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நாள் முழுக்கப் பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனை நடந்தே பார்ப்பது என்று திட்டம். திட்டம் என்னுடையது. நேற்று கெக் லோக் சி கோயில் படிகளில் ஏறி இறங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: "ஏம்மா, கடைசி நாளாவது ஒரு காரைப் பிடிச்சு உட்கார்ந்து பார்க்கலாமே?"

"ஏங்க, இந்த ஊர்ல காருக்குள்ள இருந்து பார்த்தா சுவர்தான் தெரியும். நடங்க, வெயில் படாது."

வெயில் படாது என்று நான் சொன்னது சும்மா இல்லை. எங்கள் விடுதி இருந்தது சூலியா தெருவில். சூலியா என்றால் நம்மவர்கள்தான், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். தெருவின் இரண்டு பக்கமும் கீழே கடை, மேலே வீடு என்று ஒட்டி ஒட்டி நிற்கிற பழைய கட்டடங்கள். முகப்பு குறுகல், உள்ளே ரயில்பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். எல்லாக் கட்டடத்திலும் மாடி தெருப்பக்கம் முன்னால் நீட்டிக்கொண்டு தூண்களில் நிற்கிறது. மாடிக்கு அடியில், கடை வாசலுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு நடைவழி. ஒரு கடையின் நடைவழி அடுத்த கடையினுடையதில் திறக்க, அது அதற்கடுத்ததில் திறக்க, தெருமுனை வரை கூரைக்கடியிலேயே போய்விடலாம். மலாயில் இதற்குப் பெயர் காக்கி லீமா. காக்கி என்றால் பாதம், லீமா என்றால் ஐந்து. ஐந்தடி. "காக்கின்னதும் போலீஸ் ஸ்டேஷன்னு நெனச்சேன்" என்றார் இவர்.

1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் எந்நேரமும் திறந்திருக்கும் கூரைபோட்ட வழி வேண்டும் என்று எழுதிவைத்தார். 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. அந்த வழக்கம் இந்த ஊரிலும் ஊன்றிக்கொண்டது. நம் ஊர்த் திண்ணை ஞாபகம் வருகிறது அல்லவா? எனக்கும் வந்தது. ஆனால் திண்ணை வீட்டுக்காரர் மனசு வைத்துக் கொடுப்பது. மனசு மாறினால் கம்பிக் கதவு போட்டுவிடுவார், நாகப்பட்டினத்தில் எங்கள் தெரு முழுக்க இப்போது அப்படித்தான். இது சட்டம் போட்டு வாங்கிய இடம். நிலம் கடைக்காரருடையது, நடக்கிற உரிமை ஊராருடையது.

உரிமை காகிதத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்துக் கடை தாண்டுவதற்குள் மோட்டார் சைக்கிள் குறுக்கே நிற்கும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பிரம்புக் கூடை அடுக்கு, ஒரு மேசை போட்டுக் காசு மாற்றித் தருகிறவர், தூணில் சின்னதாய்ச் சிவப்புச் சாமி மாடமும் அதில் புகைகிற ஊதுவத்தியும். எல்லாம் அந்த ஐந்தடிக்குள். தரையும் ஒரே மட்டம் இல்லை. ஒருவர் ஒரு படி உயர்த்தியிருப்பார், அடுத்தவர் தாழ்த்தியிருப்பார். தரை ஓடும் கடைக்குக் கடை மாறும்: பூப்போட்ட பழைய ஓடு, வெறும் சிமெண்டு, புதிதாய் வழுவழு டைல்ஸ். கண்ணை ஓட்டில் வைப்பதா படியில் வைப்பதா என்று நான் தடுமாறிய இடத்தில்தான் செருப்பு வார் அறுந்தது.

ஜிம்மி சூ பிறந்த ஊரில் செருப்பு அறுந்தது! உலகத்துச் சீமாட்டிகள் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்குகிற காலணிகளின் பெயருக்குச் சொந்தக்காரர் இந்த ஊர்க்காரர், தொழில் பழகியதும் இங்கேதான். அவர் தொழில் பழகிய கதையை இரும்புக் கம்பியை வளைத்துக் கேலிச்சித்திரமாக ஒரு சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நான் போனது அங்கே இல்லை, மூலையில் ஒரு மளிகைக் கடைக்கு. ஆறு ரிங்கிட்டுக்கு நீல ரப்பர் செருப்பு. கடைக்காரச் சீனப் பாட்டி ஐந்தடி வழியில் நாற்காலி போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என் பழைய செருப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அவரே குப்பையில் போட்டார்.

காலைச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காயா தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, கறுப்பு காப்பி. காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டியது. இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போனோம். ஒரே நேர்கோட்டில் 1818இல் கட்டிய ஆங்கிலேயத் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வம் குவான் யின் கோயில், 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலின் பின்புறம், 1801இல் தொடங்கிய பள்ளிவாசல். நல்லிணக்கத் தெரு என்று சுற்றுலாக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரைவிடப் பள்ளிவாசலின் பெயர்தான் யோசிக்க வைத்தது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை வைத்துக் கப்பித்தான் என்று அழைத்தார்கள். இந்தியர்களுக்குக் கப்பித்தானாக இருந்தவர் காதர் மொகைதீன், பள்ளிவாசலை எழுப்பியவர் அவரே. கெலிங் என்பது அன்று தென்னிந்தியரைக் குறித்த சாதாரணச் சொல், இன்று இந்த நாட்டில் அது வசைச்சொல். பெயர்ப்பலகையில் கௌரவமாக நிற்கிற வார்த்தையைத் தெருவில் யாராவது சொன்னால் சண்டை வரும்.

அங்கிருந்து ஆர்மீனியன் தெரு. தெருவுக்குப் பெயர் கொடுத்த ஆர்மீனியர்கள் போய் வெகுகாலம் ஆகிறது. அவர்களில் சார்கீஸ் சகோதரர்கள் 1885இல் கடலோரத்தில் தொடங்கிய பெரிய ஓட்டல் மட்டும் நிற்கிறது. பிறகு சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஓட்டலைத் தொடங்கியவர்களும் அவர்களே. இந்தத் தெரு 120ஆம் எண் வீட்டைத் தளமாக வைத்துத்தான் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் 1911 குவாங்சோ கிளர்ச்சிக்கு ஆள், பணம் சேர்க்கும் வேலையை நடத்தினார். அந்த வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். நாலு வீடு தள்ளி, 2012இல் எர்னஸ்ட் சகாரேவிச் சுவரில் வரைந்த இரண்டு குழந்தைகள் ஓவியத்தின் முன்னால், சுவரோடு பதித்த நிஜ சைக்கிளைப் பிடித்துப் படம் எடுக்க நாற்பது பேர் வரிசை. ஓவியம் அழகு, மறுக்கவில்லை. அந்த வரிசை ஐந்தடி வழியை அடைத்துக்கொண்டதால் நாங்கள் வெயிலில் இறங்கி நடந்தோம்.

பழைய கட்டடங்கள் தப்பிப் பிழைத்ததற்கு யுனெஸ்கோ காரணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2008இல் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறிய ஊர் இது. ஆனால் அதற்கு முன்பே காப்பாற்றியது வாடகைக் கட்டுப்பாடு. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களில் வாடகையை ஏற்றக்கூடாது, குடியிருப்பவரைக் கிளப்பக்கூடாது என்று 1966 சட்டம். வருமானம் இல்லாத கட்டடத்தை இடித்துக் கட்ட எந்தச் சொந்தக்காரருக்கும் ஆர்வம் இல்லை, சரிசெய்யவும் ஆர்வம் இல்லை. ஊர் அப்படியே காரை உதிர்ந்துகொண்டு நின்றது. 2000 தொடக்கத்தில் சட்டம் விலகியதும் வாடகை எகிறியது. தலைமுறை தலைமுறையாக இருந்த தையற்காரரும் தச்சரும் போனார்கள், நாங்கள் தங்கியது மாதிரி விடுதிகள் வந்தன. நாங்கள் படுத்த அறையில் முன்பு யார் குடியிருந்தார்களோ என்று இவரிடம் கேட்டேன். "ஏசி நல்லா இருந்துச்சு" என்றார்.

கூ கொங்சி பக்கத்துச் சந்துதான். கூ என்ற குடும்பப் பெயர்க்காரர்களின் குலமன்றம் அது. அந்தக் குலத்தார் கட்டிய மண்டபம் 1901இல் எரிந்துபோனது. சக்கரவர்த்தியின் அரண்மனையைவிட ஆடம்பரமாகக் கட்டியதால் வந்த வினை என்று பேச்சு எழ, அளவைக் குறைத்து 1906இல் கட்டி முடித்தார்களாம். குறைத்ததே இப்படி இருக்கிறது. கூரை முகட்டில் டிராகன், மீன், போர்வீரர் என்று விரலளவு இடம் விடாமல் சிற்பம். கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம்.

தெருவோடு நேரே கிழக்கே போனால் கடல். போகிற வழியில் குறுக்கிடுவது லெபோ பந்தாய், கடற்கரைத் தெரு. அதில் கடலும் இல்லை, கரையும் இல்லை, வங்கிகள்தான். ஒரு காலத்தில் அலை அடித்த இடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்துப் புதிய துறைச்சாலை போட்டார்கள். கடலைத் தூர்த்த பகுதியில் தெருக்கள் நீளும் இடங்களில் பெயருக்கு முன்னால் காட் என்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொள்கிறது. காசியின் படித்துறைகளுக்குச் சொல்கிறோமே, அதே காட். வங்காளத்தில் இருந்து ஆண்ட கம்பெனிக்காரன் கப்பலோடு கொண்டுவந்து இறக்கிய சொல்.

துறைச்சாலையைக் கடந்தால் சூ படகுத்துறை. சூ குலத்தார் கடலுக்குள் கம்பம் நட்டு, பலகை பாவி, அதன் மேல் வீடு கட்டிக் குடியேறிய இடம். இப்படி லிம், டான், லீ, இயோ என்று குலத்துக்கு ஒரு துறை. நிலத்தில் இல்லாததால் நிலவரி கிடையாது. பலகை இடுக்கில் கீழே தண்ணீர் தெரிகிறது, கடல் வற்றிய நேரம் ஆதலால் சேறும் தெரிகிறது. முன்வரிசை வீடுகள் எல்லாம் கடை: காந்த பொம்மை, ஐஸ்கிரீம், டீஷர்ட். உள்ளே போகப் போக வீடுகள். படம் எடுக்காதீர்கள் என்று கதவுகளில் எழுதியிருக்கிறது. ஒரு திறந்த கதவு வழியே ஒருவர் பனியனோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த கூட்டம் அதையும் படம் எடுத்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. பலகையின் கடைசி வரை போகாமல் திரும்பினோம். வேறொரு துறையான கோய் துறையை 2006இல் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள் என்கிறபோது, இவர்கள் இந்தக் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு இருப்பதன் கணக்கும் புரிகிறது.

பசி. நாசி கண்டாருக்காகக் காலையிலிருந்து வயிற்றில் இடம் ஒதுக்கியிருந்தேன். நாசி சோறு, கண்டார் தோளில் தூக்கும் கம்பு. கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புப் பானை. தமிழ் முஸ்லிம்கள் இந்தக் காவடியைத் தோளில் போட்டுத் துறைமுகக் கூலியாட்களுக்கு நடந்து நடந்து விற்றார்கள். மரத்தடியிலோ ஐந்தடி வழியிலோ இறக்கிவைத்துப் பரிமாறுவார்கள். பிறகு கடை ஆனது. கேம்பல் தெரு ஹமீதியா 1907இலிருந்து நடக்கிறது. அங்கே வரிசை நீளம் என்பதால் நாங்கள் பெயர்ப்பலகைகூடச் சரியாக இல்லாத ஒரு கடைக்குப் போனோம். பரிமாறுகிறவர் எங்கள் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"பசியாறியாச்சா அக்கா, இல்ல நேரா மத்தியானச் சாப்பாடா?"

இங்கே பசியாறுவது என்றால் காலை உணவு. நம் பக்கம் வீடுகளில் பாட்டிமார் வாயில் மட்டும் மிச்சமிருக்கிற சொல் இங்கே தெருவில் தினமும் புழங்குகிறது. மீன்தலை, பொரித்த கோழி, கணவாய், வெண்டைக்காய். "பஞ்சிர் பண்ணவா?" என்றார். பஞ்சிர் என்றால் வெள்ளம். நாலைந்து குழம்பையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சோற்றில் ஊற்றி மூழ்கடிப்பது. நம் வீட்டில் சாம்பாரையும் மீன்குழம்பையும் கலந்தால் அம்மா அடிக்க வருவார். இங்கே அதுதான் ருசி.

"அண்ணே, உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"கடையநல்லூருன்னு தாத்தா சொல்லுவாரு. நான் பார்த்ததில்ல. நீங்க?"

"நாகப்பட்டினம்."

"அட, கப்பல் ஊரு."

ஆமாம், கப்பல் ஊர். மெட்ராஸில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகிற ரஜூலா 1973 வரை ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம், 1985இல் தீப்பிடிக்கும் வரை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பினாங்கு வீடு என்றே பெயர். அந்த வீட்டுப் பெரியவரைச் சபுராளி, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர், என்பார்கள். ஒருமுறை வந்தபோது பூப்போட்ட எனாமல் தூக்குச் சட்டி ஒன்றை எங்கள் பாட்டிக்குக் கொடுத்தார். அதில்தான் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு வந்தது. இந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டில் இன்னொரு கரண்டி கணவாய் விழுந்தது. இருவருக்கும் சேர்த்து 31 ரிங்கிட், கணவாய்க்குக் கணக்கு எழுதவில்லை.

குட்டி இந்தியாவைச் சீக்கிரம் கடந்தோம். பூக்கடை, புடவைக்கடை, ஒலிபெருக்கியில் பாட்டு. திருச்சிக் கடைவீதியைப் பார்க்க விமானம் ஏறி வரவேண்டியதில்லை. ஆனால் பினாங்கு தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பக்கம் நின்று பார்த்தோம். கணக்கப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பெட்டியடியில் வட்டிக்கணக்கு எழுதிய இடம். 1894இலிருந்து தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது இந்தத் தெருப்பக்கம் இருந்துதான்.

நாலு மணிக்குக் கோட்டை. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் கம்பெனிக் கொடியை ஏற்றிய முனை இது. காடு வெட்ட ஆள் சரியாக வராததால் பீரங்கியில் வெள்ளிக்காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கப் போனவர்கள் வழியை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை. நம்புகிறவர்கள் நம்பலாம். லைட்டுக்கு இங்கே ஒரு சிலை உண்டு, 1936இல் வைத்தது. அவர் முகம் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு படமும் இல்லாததால், அடிலெய்டு நகரை அமைத்த அவர் மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்து வார்த்துவிட்டார்களாம். ஊரைத் தொடங்கியவராக நிற்பது, வேறோர் ஊரைத் தொடங்கியவர். அப்பா 1794இல் மலேரியாவில் இறந்தார். பக்கத்தில்தான் விக்டோரியா மணிக்கூண்டு, அரசியின் அறுபதாண்டு ஆட்சிக்காக ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபதடி. போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் லேசாய்ச் சாய்ந்திருக்கிறது. "என் முழங்கால் மாதிரி" என்றார் இவர்.

எனக்கு இந்த முனையின் பழைய பெயர்தான் பிடித்தது: தஞ்சோங் பெனாகா. தஞ்சோங் என்றால் கடல்முனை. பெனாகா மரம் எது என்று தேடினால் நம் புன்னை. நெய்தல் பாட்டில் தலைவி சாய்ந்து நின்று காத்திருப்பாளே, அந்தப் புன்னை. தீவின் பெயரோ பினாங், அதாவது பாக்கு. புன்னை முனையும் பாக்குத் தீவுமாக இருந்த இடத்துக்கு இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஜார்ஜின் பெயரில் ஜார்ஜ் டவுன் என்று பலகை மாட்டினார்கள். ஐந்தாறு மரங்களின் இலையைத் தொட்டுப் பார்த்து ஒன்றைப் புன்னை என்று முடிவு செய்தேன். தடித்த இலை, நடுநரம்பிலிருந்து சீப்புப் பல் மாதிரி நெருக்கமான கோடுகள். இலை ஒன்றை டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் கிங் தெருவும் சூலியா தெருவும் சந்திக்கிற மூலையில் நாகூர் தர்கா. 1800களின் தொடக்கத்தில் எழுந்தது. ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருப்பது எங்கள் பக்கத்து நாகூரில், இங்கே அவர் நினைவுக்கு ஒரு கட்டடம். கடல் தாண்டி வந்தவர்கள் பயத்தையும் வேண்டுதலையும் கூடவே கொண்டுவந்து இந்த மூலையில் வைத்திருக்கிறார்கள். நான் நாகூருக்கு நாலு கிலோமீட்டரில் வளர்ந்தவள். கந்தூரிக்கு ஒவ்வொரு வருஷமும் போன கால்கள் இவை. தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். சாம்பிராணி வாசனை அதேதான். பேச ஒன்றும் வரவில்லை. இவர் ஒன்றும் கேட்காமல் ஐந்தடி வழியின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு சூலியா தெருவோடு கடலைப் பார்த்து நடந்தோம். சக்கரப் பெட்டிக்கு ஐந்தடி வழி ஆகாது, படிக்குப் படி தூக்க வேண்டும். காலையில் செருப்பு விற்ற பாட்டி இன்னும் அதே நாற்காலியில். பூண்டு முடிந்து வெங்காயம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை உள்ளே இழுத்து, கூடையைக் காலால் ஒதுக்கி வழி விட்டார். என் காலைக் காட்டி ஏதோ ஹொக்கியன் சீனத்தில் கேட்டார். செருப்பு எப்படி என்று கேட்டிருப்பார் என்று வைத்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

படகு நிறைய வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். கார் ஏற்றிப்போன பழைய பெரிய ஃபெர்ரிகள் 2020 கடைசியோடு நின்றுவிட்டன, இது புதுசு, குளிர்சாதன வசதியோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூ துறையின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, பெட்டியைக் காலடியில் தள்ளி, தண்ணீர் பாட்டிலை எடுப்பதற்குள் பட்டர்வொர்த் வந்துவிட்டது.

ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. இவர் எஸ்கலேட்டர் எங்கே என்று கேட்கப் போயிருக்கிறார்.